வெள்ளைச் சட்டைக் கணக்கு வாத்தியார்
(எழுத்தாளர் ஜி. நாகராஜனின் வாழ்க்கை)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டார். நம் மலரில் வருடா வருடம் யார் யார் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். காந்தியடிகள், பாரதியார், காமராசர், அப்துல் கலாம்... எல்லோரும் வணக்கத்துக்கு உரியவர்கள்தான். ஆனால் இந்த முறை நான் அழைத்து வருகிறவருக்கு ஊரில் சிலை கிடையாது. அவர் பிறந்த நாளுக்கு லட்டு கொடுக்கிறவரும் கிடையாது. ஆனாலும் தமிழில் நாவல் படிக்கிற எவரிடமும் போய் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அவர்தான் ஜி. நாகராஜன். மதுரைக்காரர். கணக்கு வாத்தியார். 1929 செப்டம்பர் 1ஆம் தேதி பிறந்து, 1981 பிப்ரவரி 19ஆம் தேதி, ஐம்பத்தொரு வயதில், மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தவர்.

நான் அவரை அறிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில் 1998இல் புத்தகக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து நம்ம பக்கத்து வீடுகளில் எப்படியும் நாலு புத்தகமாவது சேர்ந்துவிட்டது. மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி, அங்கே வாங்கி வந்த ஒரு புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இதைப் படி, ஆனா அம்மா கண்ணுல படாம படி என்றும் சொல்லிவிட்டார். அப்புறம் படிக்காமல் இருக்க முடியுமா? நைட் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களின் பஸ் கிளம்பும் நேரத்தில் ஆரம்பித்தேன். அவர்கள் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது கடைசிப் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் ஹாஸ்டலில் ஒரு நண்பனிடம் கொடுத்தேன். அதில்தான் வினையே வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நூற்றுக்கு நூறு

நாகராஜனின் தந்தை பழனியில் வக்கீல். குழந்தைகள் நிறைந்த குடும்பம். தாய் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை தாய்வழி உறவினர் வீடுகளிலும் பழனியிலுமாக மாறி மாறி வளர்ந்தது. தாயில்லாப் பிள்ளைகளில் சிலர் படிப்பைப் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா? இவர் கணக்கைப் பிடித்துக்கொண்டார். மதுரைக் கல்லூரியில் படிக்கும்போது கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி, நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமனின் கையால் பதக்கம் பெற்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், தோழர்களே. மேத்ஸ்-டூ பேப்பரில் அரியர் வைத்துக்கொண்டு அலைகிற நமக்கு, அந்தப் பதக்கம் எவ்வளவு பெரிய சமாச்சாரம்! அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பையனுக்கு எந்தக் கதவும் திறக்கும். திறக்கவும் செய்தது. காரைக்குடியில் கல்லூரி ஆசிரியர் வேலை. பிறகு சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம். அதாவது, சாகிறவரை சம்பளம், செத்த பிறகும் பென்ஷன் என்கிற வேலை! அதையும் ஒரு வருடத்தில் விட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். அதிலும் நிலைக்கவில்லை.

காரணம், அந்த நாட்களில் அவர் மனசு கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் படித்த இளைஞர்கள் பலருக்கு அப்படித்தான். சுதந்திரம் வந்துவிட்டது, சோறு வரவில்லை. அப்படியானால் சுதந்திரம் யாருக்கு வந்தது என்கிற கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை. நாகராஜன் திருநெல்வேலிக்குப் போனார். நாட்டார் பாடல்களையும் கதைப் பாடல்களையும் தேடித் தொகுத்த பேராசிரியர் நா. வானமாமலை அங்கே ஒரு டுடோரியல் கல்லூரி நடத்திவந்தார். அதில் நாகராஜன் ஆசிரியரானார். கட்சி வேலையும் பாடமுமாகச் சில ஆண்டுகள் ஓடின. 1956 வாக்கில் கட்சியை விட்டு விலகினார். ஆனால் கட்சி அவருக்குக் காட்டிக் கொடுத்த ஒரு பழக்கம் போகவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் உட்காரும் பழக்கம்தான் அது.

பகலில் கரும்பலகை, இரவில் முடுக்கு

பிறகு மதுரை. டுடோரியல்களில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். ஃபெயிலான பிள்ளைகள்தான் டுடோரியலுக்கு வருவார்கள். அவர்களைப் பாஸாக்கிவிடுவதில் நாகராஜன் சாருக்குப் பெரிய பேர் இருந்தது. நல்ல உடற்கட்டு. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தெருவில் நடந்து வந்தால் வாத்தியார் என்று பெட்டிக்கடைக்காரர்கூட எழுந்து நிற்பார் என்று நினைக்க வைக்கிற தோற்றம்.

அந்த வெள்ளைச் சட்டை இரவானால் எங்கே போகும் தெரியுமா? உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் வாழ்ந்த சந்துகளுக்கு. அவர்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்களும், சாராயம் விற்கிறவர்களும், கத்தி வைத்திருக்கிறவர்களும், போலீஸுக்குத் துப்புச் சொல்கிறவர்களும் உட்கார்ந்து பேசும் இடங்களுக்கு. ஆராய்ச்சி செய்யப் போனார் என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அவரும் குடித்தார், கஞ்சா புகைத்தார், அந்த வீடுகளுக்கு வாடிக்கையாளராகவும் போனார். ஆனால் போன எல்லோரும் முகத்தை மறைத்துக்கொண்டு போனார்கள். இவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனார். அந்தப் பெண்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், யாரிடம் பயப்படுகிறார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குள் பதிந்தது.

1963இல் 'குறத்தி முடுக்கு' வந்தது. திருநெல்வேலியில் அப்படி ஒரு சந்து. கதை சொல்கிறவன் ஒரு பத்திரிகைக்காரன். தங்கம் என்ற பெண்ணிடம் அவன் மனதைப் பறிகொடுக்கிறான். நடுநடுவே அதே சந்தின் மற்றப் பெண்களும் வந்து போகிறார்கள். எந்தப் பதிப்பாளரையும் எதிர்பார்க்காமல் 'பித்தன் பட்டறை' என்ற பெயரில் அவரே அதை வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவர் வருத்தம் தெரிவித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: இன்னும் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்ல முடியவில்லையே என்று!

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், 1961 ஆகஸ்டில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து இந்தப் புத்தகம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். மேல்மண்ணை அள்ளி எடுத்தால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அதே நேரத்தில் உலகத்தில்...

அறுபதுகள் உலகம் முழுவதும் இளைஞர்கள் பெரியவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்ட காலம். அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்துப் பட்டாளத்துக்குப் போக மறுத்தார்கள். முடி வளர்த்தார்கள். கஞ்சாவும் எல்.எஸ்.டி.யும் எடுத்துக்கொண்டார்கள். ஹிப்பிகள் என்று நம் பெரியவர்கள் திட்டுவார்களே, அவர்கள்தான். அங்கிருந்து அலன் கின்ஸ்பர்க் என்ற கவிஞர் 1962இல் இந்தியா வந்து கல்கத்தாவிலும் காசியிலும் தங்கினார். கல்கத்தாவிலேயே 1961இல் பசித்த தலைமுறை என்று ஓர் இயக்கம் தொடங்கியிருந்தது. அதைச் சேர்ந்த மலய் ராய் சௌத்ரியை, எழுதிய கவிதை ஆபாசம் என்று 1964இல் கைது செய்தார்கள்.

பத்திரிகைத் தொழிலிலும் ஒரு புரட்சி நடந்தது. செய்தியாளன் தூரத்தில் நின்று குறிப்பெடுத்தால் போதாது. அந்த மனிதர்களோடு நாள் கணக்கில், மாதக் கணக்கில் வாழ்ந்து, நாவல் மாதிரி எழுத வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். புதிய இதழியல் என்று அதற்குப் பேர் வந்தது. ஹண்டர் தாம்சன் என்ற நிருபர் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்கிற மோட்டார் சைக்கிள் முரடர்களோடு ஒரு வருடத்துக்கும் மேலாகச் சுற்றினார். கடைசியில் அவர்களிடமே அடி வாங்கிக்கொண்டு வந்து, 1967இல் புத்தகம் போட்டார். டாம் உல்ஃப் ஹிப்பிகளின் பஸ் பயணத்தைப் பற்றி 1968இல் எழுதினார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று ஜார்ஜ் ஆர்வெல்லைச் சொல்லலாம். நம் பீகாரின் மோதிஹாரியில் பிறந்த அந்த வெள்ளைக்காரர், பாரிஸில் ஓட்டல் பாத்திரம் கழுவி, லண்டனில் பிச்சைக்காரர்களோடு படுத்து எழுந்து, 1933இல் அதைப் புத்தகமாக எழுதினார்.

நாகராஜன் பத்திரிகை நிருபர் இல்லை, கதைதான் எழுதினார். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்து எழுதுவதில் அவர் இவர்களின் கூட்டாளி. அவருக்குப் பின்னால் பெரிய பத்திரிகை இல்லை, முன்பணம் இல்லை, அச்சானால் வாங்க ஆயிரக்கணக்கில் வாசகர் இல்லை. சில நூறு பேர் படிக்கிற சிறுபத்திரிகைகள்தான் இருந்தன. முப்பது சொச்சம் சிறுகதைகளும் இரண்டு நாவல்களும், இதுதான் அவர் தமிழுக்கு விட்டுச் சென்ற முக்கியச் சொத்து.

கந்தனின் ஒரு நாள்

1974இல் 'நாளை மற்றுமொரு நாளே' வந்தது. இதுவும் பித்தன் பட்டறை வெளியீடுதான். கந்தன் என்ற ஒருவனின் ஒரே ஒரு நாள். காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு வரை. கந்தன் குடிகாரன், தரகன், அடிதடிக்கு அஞ்சாதவன். அவன் மனைவி மீனாவுக்கு வருமானமே அந்தத் தொழில்தான். ஒரு குழந்தை இறந்துவிட்டது. ஒரு பிள்ளை ஓடிப்போய்விட்டது. இத்தனையும் வைத்துக்கொண்டு வேறு யாராவது எழுதியிருந்தால் பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர் வடித்திருப்பார்கள். அல்லது கடைசி அத்தியாயத்தில் கந்தனைத் திருத்தியிருப்பார்கள்!

நாகராஜன் அழவும் இல்லை, திருத்தவும் இல்லை, கேலியும் செய்யவில்லை. கந்தன் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீனாவுக்கு ஒரு வழி செய்ய வேண்டுமே என்று அன்றைக்கு முழுவதும் யோசிக்கிறான். எந்தப் பெரிய வீட்டுத் தலைவனும் யோசிக்கிற அதே யோசனைதான் இது. அவன் யோசிக்கும் வழிகள்தான் நமக்குத் தூக்கிவாரிப் போடும். படித்து முடிக்கும்போது கந்தனை நல்லவன் என்றும் சொல்ல வரவில்லை, கெட்டவன் என்றும் சொல்ல வரவில்லை. அவனை நமக்குத் தெரியும் என்று மட்டும் தோன்றுகிறது. இதுதான் நாகராஜன் போட்ட கணக்கு. விடையை அவர் எழுதவில்லை. வழிமுறையை ஒரு ஸ்டெப் விடாமல் எழுதிவிட்டார்.

பம்ப் நின்றுபோனது

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. அவருடைய முதல் திருமணம் 1959இல் நடந்தது. சில மாதங்களிலேயே மனைவி தீ விபத்தில் இறந்துபோனார். 1962இல் மறுபடி திருமணம். இரண்டாவது மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். ஆர்வெல் லண்டன் தெருவிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனார். தாம்சன் முரடர்களை விட்டு வெளியே வந்தார். நாகராஜனோ உள்ளே போனவர் போனவர்தான். எழுபதுகளில் டுடோரியல் வேலைகள் கைநழுவின. வெள்ளைச் சட்டை அழுக்கானது. நண்பர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கேட்கும் நிலை வந்தது. சுந்தர ராமசாமி அவரைப் பற்றி ஒரு நினைவு நூலே எழுதியிருக்கிறார். அதைப் படித்தால் இந்த மனிதரை வரவேற்பதா, கதவைச் சாத்திக்கொள்வதா என்று அன்பானவர்கள்கூடத் தவித்தது தெரியும். வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கியது அந்த ஆசிரியை அம்மாவின் சம்பளம்.

சுரங்கத்தில் டிரெய்னிங் போனவர்களுக்கு இது விளங்கும். நம்ம சுரங்கத்தில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை இரவு பகலாகப் பம்ப் வைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வரும்; கரியும் இல்லை, சுரங்கமும் இல்லை. நாகராஜன் யாரும் தோண்டாத ஆழத்துக்குத் தோண்டினார். ஆனால் பம்பை நிறுத்திவிட்டார். தண்ணீர் வந்துவிட்டது. கடைசி நாட்களில் எழுத்தாளர் சி. மோகன் உள்ளிட்ட சில இளம் நண்பர்கள்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். தகனத்துக்கு விரல்விட்டு எண்ணும்படியான ஆட்களே வந்தார்கள்.

செத்த பிறகுதான் நம் நாட்டில் மரியாதை. 1997இல் காலச்சுவடு அவருடைய படைப்புகளை ஒரே தொகுதியாகக் கொண்டு வந்தது. 2010இல் பெங்குவின் நிறுவனம் கந்தனின் கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

ஹாஸ்டல் நண்பனுக்கு

இப்போது அந்த வினைக்கு வருகிறேன். நான் புத்தகம் கொடுத்த நண்பன் பாதிதான் படித்தான். ஆனால் அவரைப் பற்றிய கதைகளை எங்கெங்கோ கேட்டுக்கொண்டான். அதன் பிறகு சனிக்கிழமை ராத்திரி அவன் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் நாகராஜன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான். குடித்ததால்தான் அவர் மேதை, ஒழுங்கா வீட்டுக்குப் போறவன் எல்லாம் கிளார்க் என்பது அவன் கட்சி. இரண்டு செமஸ்டர் போனது. அவன் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அந்தப் புத்தகமும் திரும்பி வரவில்லை.

புத்தகம் கொடுத்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரையே. அன்றைக்கு அவனுக்குச் சொல்லத் தெரியாததை இங்கே எழுதுகிறேன்.

நண்பா, மதுரையில் அந்தக் காலத்தில் குடித்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். 'நாளை மற்றுமொரு நாளே' எழுதியவர் ஒருவர்தான். அப்படியானால் எழுதியது எது? குடியா? இல்லை. மீனாவுக்கு முன்னால் தான் பெரியவன் என்று நினைக்காமல் உட்கார்ந்த அந்த மனசு. ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதச் சொன்ன அந்தக் கணக்குப் புத்தி. அவர் பலத்தை விட்டுவிட்டு நோயை மட்டும் நீ எடுத்துக்கொண்டாய். அந்த நோய் தின்றது அவர் இன்னும் எழுதியிருக்கக்கூடிய புத்தகங்களை! ஐம்பத்தொன்று சாகிற வயதா?

தோழர்களே, நம் ஊரைப் பாருங்கள். டவுன்ஷிப்பில் நேர் நேரான சாலைகள், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ். இந்தப் பக்கம் மந்தாரக்குப்பத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர், ராத்திரி ரெண்டு மணிக்கு டீ ஆற்றும் அண்ணாச்சி, லாரி நிறுத்தத்தில் யாரும் பேர் கேட்காத அக்கா. இவர்களுடைய ஒரு நாளை, காலையிலிருந்து இரவு வரை, அழாமல், திருத்தாமல், கேலி செய்யாமல் யார் எழுதப் போகிறார்கள்? கரி எவ்வளவு டன் எடுத்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இவர்களுக்கு?

முதலில் படியுங்கள். அவருடைய சிறுகதைகளில் தொடங்குங்கள். 'டெரிலின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்' சின்னக் கதைதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடியும், ஒரு வாரம் கூடவே வரும். அப்புறம் 'குறத்தி முடுக்கு'. அதற்குப் பிறகு கந்தனின் நாள். கடைசியாக சுந்தர ராமசாமியின் நினைவு நூல். எழுதியவர் கொடுத்த விலை என்ன என்று அதில் தெரியும். அதைப் படிக்காமல் முதல் மூன்றையும் என் நண்பன் மாதிரிப் பாதியில் மூடிவிடாதீர்கள்.

படித்துவிட்டு ஒரு சாயங்காலம் நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்காருங்கள். எதிரில் இருக்கிறவர் பேசினால் கேளுங்கள். பேர் என்ன என்று மறக்காமல் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்குப் போங்கள். அம்மா காத்திருப்பார்கள்.

அடுத்த வருட மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் மறுபடியும் கேட்பார். அந்தக் கட்டுரை உங்களுடையதாக இருக்கட்டும்!

- மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை